காரைக்குடிக்குப் போனவரின் இடம்

தம்பி, தம்பி, அங்கே உட்காராதீர்கள். அந்த இடத்துக்கு ஆள் உண்டு. பை வைத்திருக்கிறது பாருங்கள். இப்படிப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். ஜன்னலோரம் வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள், நான் எவ்வளவோ வெயில் பார்த்தவன்.

கோபித்துக்கொள்ளக் கூடாது. முன்னால் ஜன்னலோரம் நீலக்கரைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் சம்சாரம். மெதுவாகப் பேசுங்கள். அவளுக்கு அது தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கள் ஊரே சிரித்துவிட்டது, நீங்கள் மட்டும் என்ன பாவம் செய்தீர்கள்?

அந்தப் பக்கத்து இடத்துக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஆக மொத்தம் மூன்று. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அந்தப் பைக்கு ஒன்று. பைக்கு என்று சொல்லக் கூடாது, பை பிடித்து வைத்திருக்கிற இடத்துக்கு. அங்கே உட்கார வேண்டியவர் இன்னும் ஏறவில்லை. யார் என்று கேட்கிறீர்களா? பாளையங்கோட்டை போய்ச் சேர நேரம் கிடக்கிறது, சொல்கிறேன்.

என் பெயர் மாசில்லாமணி. நாசரேத்துக்குப் பக்கத்தில் கிருபாபுரம். இடிக்கிற வீடுகளில் கதவு, நிலை, ஜன்னல், தேக்கு உத்தரம் எல்லாவற்றையும் வாங்கி விற்கிற தொழில். ஒன்பது வயதில் பழைய நிலைகளில் ஆணி பிடுங்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு, மீதியெல்லாம் அடிபட்டுப் படித்தது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டு இரட்டைக் கதவுக்கு மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்து பேரம் பேசினேன். மூன்றாம் நாள் அந்த வீட்டு ஆச்சி உள்ளேயிருந்து, "கதவைக் கழற்றிக் குடுத்தாவது இந்த மனுஷனை அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டார்கள். தொழில் அவ்வளவுதான் தம்பி. கேட்கிறவன் களைக்கக் கூடாது, கொடுக்கிறவன் களைக்க வேண்டும்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. குரல் கொஞ்சம் பெரிது. ஓய் கண்டக்டரே! அந்த இடத்துல யாரையும் உக்கார வைக்காதேயும்! டிக்கெட்டப் பாத்தீரா இல்லையா? எண்ணிப் பாரும்வே, மூணு இருக்கா? கண்ணு தெரியலேன்னா கண்ணாடி வாங்கிப் போடும்! பார்த்தீர்களா தம்பி, இவ்வளவு நடந்தும் நான் கோபப்படவில்லை.

இவள் பெயர் எப்சிபா. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொன்னவள். கல்யாணமான புதிதில் என்னையும் உட்காரவைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கினாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து முழங்கால் போட்டு, அன்றைக்கு யார் யாருக்கு என்னென்ன வேண்டும் என்று ஆண்டவரிடம் சத்தமாக ஒப்பிப்பாள். அவள் ஜெபம் பண்ணுவாள், நான் கடை திறப்பேன். வீட்டில் ஒருத்தர் ஜெபம் பண்ணினால் போதும் என்று இருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு கரண்டு மீட்டர் போதாதா?

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் பிரிட்ஜில் வைத்தாள். முட்டையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். நான் கத்தினேன். கத்தினால் சரியாகிவிடும் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம். அவள் கோயிலுக்குப் போய் வழி தெரியாமல் திரும்பி வந்த அன்றைக்குத்தான் கத்தல் நின்றது. வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாளாம், "கோவக்கார மாசில்லாமணி வீடு எங்க இருக்கு?" என்று.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர். இப்போது போகிறோமே, அவரிடம்தான். கழுத்துத் தாலியைக் கழற்றச் சொல்லி, தலையை ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்தில் வைத்து, "மறதி நோய் பெரியவரே, போன நினைவு திரும்பி வராது" என்றார். யாரிடம் சொல்கிறார்?

"முழுசா வேண்டாம் டாக்டர். பாதி வரட்டும்."

"அப்படி இல்லை ஐயா."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், கால்வாசி. என் பேரு, பிள்ளை பேரு, வீடு. இந்த மூணு போதும்."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நான் விருட்டென்று எழுந்து வாசல் வரைக்கும் போனேன். வழக்கமாக வாசல் வரைக்கும் போனால் கூப்பிடுவார்கள். அவரும் கூப்பிட்டார். அடுத்த ஆளை.

அதற்கப்புறம்தான் நான் நேராக ஆண்டவரிடம் போனேன். நடுவில் ஆள் வைக்காமல் நானே முழங்கால் போட்டேன். சபை முழுக்கச் சாப்பிடுகிற விருந்தை எங்கள் பக்கம் அசனம் என்போம். அந்த அசனத்துக்கு ஒரு கிடா தருகிறேன் என்றேன். சத்தமில்லை. இரண்டு கிடா என்றேன். சத்தமில்லை. அந்தக் காரைக்குடிக் கதவை நான் விற்கவேயில்லை தம்பி, அத்தனை அழகு. கோயில் வாசலுக்கு அதையே தருகிறேன் என்றேன். ஒரு மாசம் யாரிடமும் கத்த மாட்டேன் என்றும் ஒருநாள் சொல்லிவிட்டு, மறுநாளே வாபஸ் வாங்கிக்கொண்டேன். தர முடியாததைச் சொல்லக் கூடாது, அது தொழில் தர்மம். எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். வாயே திறக்காத வியாபாரி அவர் ஒருவர்தான். வாய் திறக்காதவரிடம் எப்படிப் பேரம் பேசுவது? நாம்தான் ஏறிக்கொண்டே போவோம். மூன்று வருஷத்தில், நான் களைத்துவிட்டேன்.

போன வருஷம் ஆடி மாசம் ஒருநாள் காலையில் காப்பி கொண்டுபோய் நீட்டினேன். ஏறிட்டுப் பார்த்தாள். "யாருவே நீரு?"

"என்னட்டி விளையாட்டு?" என்றேன். அவ்வளவுதான். ஊர் கூடிவிட்டது. அன்றிலிருந்து நான் கிட்டே போனால் அலறுவாள். கையை நீட்டினால் தட்டிவிடுவாள். அறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொள்வாள். அந்தக் கதவும் நான் மதுரையில் பேரம் பேசி வாங்கியதுதான், நல்ல உறுதி. அடுத்த வீட்டு பாக்கியத்தாய் வந்து ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். இரண்டு வாயில் உயிர் நிற்குமா? ஆள் குச்சியாகிவிட்டாள்.

என் மகள் ஷீபா கோயம்புத்தூரில் இருக்கிறாள். வந்து பார்த்துவிட்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, இன்னும் மூணு வாரம். அதுக்குள்ள அம்மா உங்க கையால சாப்பிட்டா சரி. இல்லேன்னா நான் கார் எடுத்துட்டு வருவேன். எங்க ஊர்ல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, நர்ஸ் எல்லாம் உண்டு."

"நாப்பத்து மூணு வருஷம் இருந்தவளை இல்லத்துல விடணுமாக்கும்?"

"நீங்க வேண்டாம்னு சொல்லலப்பா. அம்மாதான் உங்கள வேண்டாம்னு சொல்லுதாங்க."

சரியான இடத்தில் அடித்தாள். என் பிள்ளைதானே, கெடு வைக்கத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் சோற்றுத் தட்டோடு தாழ்போட்ட கதவுக்கு வெளியே நின்று, "நான் உன் வீட்டுக்காரன்டி, திற" என்றேன். உள்ளேயிருந்து ஓய்வுநாள் பள்ளி டீச்சர் குரல் வந்தது.

"வீட்டுக்காரரா? எந்தக் கோயில்ல ஓலை வாசிச்சாங்க? எந்த ஐயர் வாசிச்சாரு? மூணு ஞாயித்துக்கிழமையும் வாசிச்சாங்களா?"

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாதல்லவா? குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் ஐயர் எழுந்து நின்று வாசிப்பார். தடை இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பார். அதற்குப் பெயர்தான் ஓலை. ஓலை வாசிக்காமல் கல்யாணம் இல்லை.

நான் தட்டைக் கீழே வைத்தேன். எனக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்று வருஷமாக ஒரு பக்கமும் வாய் திறக்கவில்லை, இப்போதுதான் ஒரு பக்கம் விலை சொல்கிறது! அவள் கணக்குப்படி எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓலை வாசித்தால் கதவு திறக்கும். இவ்வளவுதானா? சட்டையை மாட்டிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஐயர் சின்ன வயசு. படித்தவர், சாந்தமானவர். பேரத்துக்கு லாயக்கேயில்லை.

"அண்ணாச்சி, ஓலை கல்யாணம் ஆகாதவங்களுக்கு வாசிக்கது."

"அவளைப் பொறுத்தமட்டும் ஆகலையே ஐயா."

"உங்களைப் பொறுத்தமட்டும் ஆயிட்டுல்லா?"

"அப்போ பாதி ஓலை வாசியும்."

"பாதி ஓலையா!"

"கோயில் வாசலுக்கு ஒரு தேக்குக் கதவு தாரேன்."

"அதை ஆண்டவருக்குத் தாரேன்னு போன மாசம் ஜெபக்கூட்டத்துல சொன்னீங்களே அண்ணாச்சி."

"அவரு இன்னும் எடுத்துக்கிடலையே ஐயா."

ஐயரம்மா காப்பி கொண்டுவந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு காப்பி வந்தது. மூன்றாவது காப்பியில் ஐயர் களைத்தார். ஓலை என்று சொல்ல மாட்டார், விவாகத்துக்கான ஸ்தோத்திரம் என்று சொல்வார். ஆனால் ஓலை வாசிக்கிற ராகத்தில் வாசிப்பார், அப்பா பெயர் ஊர் பெயரெல்லாம் சேர்த்து. 'நடந்த விவாகம்' என்றுதான் சொல்வேன், பொய் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லும், ஆனால் 'நடந்த' மட்டும் மெதுவாகச் சொல்லும் என்றேன். தடை இருக்கிறதா என்று கேட்கவே மாட்டேன் என்றார். தடை கேட்காவிட்டால் அவள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள் ஐயா, அறுபது வருஷமாக ஓலை கேட்கிறவள் என்றேன். கடைசியில், சாட்சி சொல்கிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, "யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லலாம்" என்று முடிப்பதாக ஒப்பந்தம். கைகொடுத்துவிட்டு வந்தேன். நல்ல வியாபாரம்.

முதல் ஞாயிறு. பாக்கியத்தாய் அவளைக் கூட்டிவந்து பெண்கள் பக்கம் உட்காரவைத்தாள். ஐயர் வாசித்தார். "காலஞ்சென்ற ஏசுவடியான் அவர்களின் குமாரன் மாசில்லாமணிக்கும், காலஞ்சென்ற தவசிமுத்து அவர்களின் குமாரத்தி எப்சிபாவுக்கும்..." 'நடந்த' எனக்கே கேட்கவில்லை. மனுஷர் வாக்குத் தவறாதவர்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவளாகவே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உமக்காவே கல்யாணம்?"

"ஆமா."

"இந்த வயசுலயா? சரி, நல்லா இருக்கட்டும். பொண்ணு எந்த ஊரு?"

"எல்லாம் பக்கத்துலதான்."

"என் பேருதான் அவளுக்கும். நல்ல பேரு. கத்தாம வச்சுக்கிடணும், என்ன?"

வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாக்கியத்தாயிடமும் சொன்னேன், பார்த்தியா, பொண்ணு மாதிரியே பேசுகிறாள் என்று. பாக்கியத்தாய் ஒருமாதிரி விழித்தாள். அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அந்த வாரம் கதவைத் தாழ்போடவில்லை. இரண்டாம் ஞாயிறு முடிந்ததும் என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். "கல்யாண மாப்பிள்ளை வெயில்ல நிக்கப்படாது" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். நான் கஞ்சியை நீட்டினால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டாள். போகட்டும். விலை இறங்கிக்கொண்டு வருகிறது, இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது. புதுச் சட்டை எடுத்தேன். ஸ்கேனுக்குக் கழற்றியதிலிருந்து பீரோவிலேயே கிடந்த தாலியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு ஷீபா காரோடு வந்துவிட்டாள். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐயர் வாசித்து முடித்து, "யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தால்..." என்று இழுத்தார்.

"இருக்கு ஐயரவாள். தடை இருக்கு!"

பார்த்தால், எழுந்து நிற்பது இவள்! மூன்று மாசமாகப் பிடித்துக்கொண்டு நடந்தவள், ஒன்றையும் பிடிக்காமல் நேராக நிற்கிறாள்.

"மாசில்லாமணிங்கிற பேர்ல இந்த ஊர்ல ஒருத்தர்தான் உண்டு. அவருக்குக் கல்யாணம் ஆயிட்டு. என்கூடத்தான் ஆச்சு. அவரு காரைக்குடிக்குக் கதவெடுக்கப் போயிருக்காரு. அவரு இல்லாத நேரம் பாத்து, அவரு பேரைச் சொல்லிட்டு இந்தக் கிழவன் ரெண்டு வாரமா வீட்டுக்குள்ள வந்து வந்து போறான். ஓலையும் வாசிக்கச் சொல்லுதான். இதென்ன அநியாயம்?"

கோயில் முழுக்க ஒரே சத்தம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் எழுந்தேன்.

"அந்த மாசில்லாமணி நான்தாண்டி!"

"பாத்தீங்களா ஐயரவாள்? எங்க வீட்டுக்காரர் மாதிரியே கத்தவும் படிச்சிருக்கான். ஏ மனுஷா, எங்க வீட்டுக்காரருக்கு முடி கருகருன்னு இருக்கும். உம்ம தலையைப் பாரும்."

சிரித்தார்கள் தம்பி. கோயிலில், ஆராதனை நேரத்தில். ஐயரே குனிந்துகொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கோவக்காரருதான். இல்லைங்கலை. தட்டு பறக்கும். பேரம் பேசியே ஆளைக் கொன்னுருவாரு. ஆனா எனக்கு டைபாய்டு வந்தப்போ இருபத்தொரு நாள் கடையை அடைச்சுட்டுப் பக்கத்துல உக்காந்து கஞ்சி ஊட்டினவரு. சூடு பாக்கத் தெரியாது, என் நாக்கெல்லாம் பொத்துப்போச்சு. அவரு கையில தின்னவ நான். வேற ஆம்பளை கையில வாங்க மாட்டேன். ஆண்டவர் அறிய மாட்டேன். எழுதிக்கிடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது, ஷீபாதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் பின்னால் கதவுகள் அடுக்கியிருக்கிற கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவமானம் ஒரு பக்கம். அதைவிட அந்தப் பயல் மேல் கோபம். யார் மேலா? அதுதான், அந்தக் கருப்பு முடிக்காரன் மேல். பெரிதாக என்ன செய்துவிட்டான்? இருபத்தொரு நாள் கஞ்சி ஊட்டினான், அதுவும் நாக்கைப் பொசுக்கி. நான் மூன்று வருஷமாக அவள் துணியைத் துவைத்தவன், தலை வாரியவன், ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தவன். பெயர் அவனுக்கு! காரைக்குடியில் ஜாலியாகக் கதவு பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு!

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தெரியும் தம்பி, அவனும் நான்தான் என்று தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா?

ஷீபா துணிமணி எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. பீரோ திறக்கிற சத்தம் எனக்குத் தெரியும். அந்தக் காரைக்குடிக் கதவு எதிரே சாத்தி நின்றது. அதற்கு முன்னாலேயே முழங்கால் போட்டேன். கிடா சொல்லவில்லை, கதவு சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் மீதியில்லை. "ஆண்டவரே, அவளுக்கு என்னைத் தெரிய வேண்டாம். உள்ளே போக மட்டும் விடும். எந்த ஆளாகப் போனாலும் சரி" என்றேன். வாழ்க்கையில் விலை சொல்லாமல் நான் கேட்டது அது ஒன்றுதான். அவர் அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது முழங்காலில் பலம் இருந்தது தம்பி. அதை நான் யாரிடமும் பேரம் பேசி வாங்கவில்லை.

கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரது? அந்தக் கிழவனா?"

"ஆமாம்மா. காரைக்குடியிலேருந்து உங்க வீட்டுக்காரர் அனுப்பிவிட்டாரு."

கதவுக்குக் கிட்டே வருகிற காலடி கேட்டது.

"அவரு எப்போ வாராராம்?"

"பேரம் இன்னும் முடியலையாம்."

"முடியாது. அவரு லேசுல விட மாட்டாரு." பெருமையாகச் சொன்னாள். அப்புறம் குரல் மாறியது. "சரி, அவரு அனுப்பினதுக்கு என்ன அடையாளம்?"

அடையாளம் கேட்டால் நான் எங்கே போவேன்? கையில் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"கஞ்சியை ஊதி ஆறவச்சுக் குடுக்கச் சொன்னாரும்மா. போன தடவை நாக்கு பொத்துப்போச்சாமே, அதுல அவருக்கு ரொம்ப வருத்தமாம்."

தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.

கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். "வருத்தம்னா சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை தம்பி. நாற்பது வருஷமாக இருந்த வருத்தம், எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு கரண்டி ஊதி நீட்டினேன். வாயைத் திறந்தாள். இரண்டாவது கரண்டி. மூன்றாவது. நடுவில், "நல்லா ஊதும்" என்று அதட்டினாள். வாசலில் ஷீபா பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஞ்சி முடிந்ததும் நிபந்தனை போட ஆரம்பித்தாள் பாருங்கள்! கத்தக் கூடாது. காலையும் மாலையும் ஜெபத்துக்கு உட்கார வேண்டும். வெற்றிலை போட்டுவிட்டு வீட்டுக்குள் வரக் கூடாது. "சம்பளம் என்னம்மா?" என்று கேட்டேன். "அவரு வந்து தருவாரு. நல்லாப் பேரம் பேசுவாரு, நீரு ஏமாந்துராதேயும்" என்றாள். தாலியை எடுத்துக் காட்டினேன். "அவரு வந்து போட்டுவிடுவாரு, நீரு தொடாம உள்ள வையும்" என்றாள். சரி என்று மறுபடியும் பீரோவில் வைத்தேன்.

ஷீபா பெட்டியைப் பிரித்துத் துணியைத் திரும்ப அடுக்கினாள். "மூணு மாசம் பாப்போம்ப்பா" என்றாள். நான் பேரமே பேசவில்லை, அதுவாகவே மூன்று வாரம் மூன்று மாசமாக ஏறியது. இப்போது எட்டு மாசம் ஆகிறது. யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கதவா? கொடுத்துவிட்டேன். கோயில் வாசலில் இருக்கிறது, வந்தால் பாருங்கள். ஐயர் எதற்காக என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அவர் நம்பவில்லை.

இப்போது தினமும் விடியற்காலையில் இரண்டு பேரும் முழங்கால் போடுகிறோம். ஆளையெல்லாம் மறந்தவள் ஆண்டவரை மறக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. பெரிய ஜெபமெல்லாம் போய்விட்டது, இரண்டு விண்ணப்பம்தான் மிச்சம். காரைக்குடிக்குப் போனவரைச் சுகமாகக் கொண்டுவாரும் என்று ஒன்று. இந்த வேலைக்காரன் நல்லவன்தான், கோபத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிடும் என்று ஒன்று. இரண்டுக்கும் நான் ஆமென் சொல்கிறேன். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.

பஸ்ஸில் போனால் மட்டும் அவருக்கு ஒரு இடம் போட்டு வைக்க வேண்டும். வழியில் எங்காவது ஏறுவாராம். வேலைக்காரன் பின்னால் உட்கார வேண்டும். ஒன்றுமில்லாத இடத்துக்கு முழு டிக்கெட், அதுவும் நான்! ஊரில் யாரிடமாவது சொன்னால்...

இருங்கள், திரும்பிப் பார்க்கிறாள். கூப்பிடுகிறாள் போல.

என்னம்மா? ஆமாம்மா, கருங்குளம் தாண்டியாச்சு. இல்லை, அவரு ஏறலை. நல்லாப் பாத்தேன்மா, ஏறலை. கூட்டம் ஜாஸ்தி, அதனால அடுத்த பஸ்ல வருவாரா இருக்கும்.

எனக்கா? அங்கேயா? வேண்டாம்மா, நான் இங்கேயே... சரி சரி. அவரு ஏறினா உடனே எந்திச்சிரணும், சரி. எதுவரைக்கும்மா? அடுத்தாப்ல வர்ற செய்துங்கநல்லூரா? பாளையங்கோட்டை வரைக்கும்னு வச்சுக்கிடு...

இல்லைம்மா. செய்துங்கநல்லூரே போதும்.

தம்பி, நான் முன்னால் போகிறேன். இந்தக் குடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு உதவி. செய்துங்கநல்லூருக்கு முன்னால் கருப்பு முடியோடு மாசில்லாமணி என்று எவனாவது வந்து ஏறினால், முன்னால் விடாதீர்கள். இடமில்லை, நின்றுகொண்டே வரச் சொல்லுங்கள்.